ரத்தம் குடிப்பவன் வெளியூரானா?

திரையில் ரத்தக் காட்டேரியைக் கண்டு அலறுகிறோம். விளக்குப் போட்டதும் சிரித்துக்கொண்டே வெளியே வருகிறோம். வெறும் பயங்காட்டும் படம்தானே என்று விட்டுவிடலாமா? கூடாது. அந்தப் பயத்துக்கு அடியில் ஒரு விஷம் இருக்கிறது.

பிராம் ஸ்டோக்கர் 1897-ல் எழுதிய 'டிராகுலா' நாவலில், கிழக்கே மலைநாட்டுப் பிரபு ஒருவன் கப்பலேறி இங்கிலாந்துக்கு வருகிறான். லண்டனில் வீடு வாங்குகிறான். தன்னை அந்நியன் என்று யாரும் கண்டுகொள்ளக் கூடாதென்று ஆங்கிலம் பழகுகிறான். பிழைக்கப் போன ஊரில் பாஷை பழகாதவர் யார்? அதையே கதை சூழ்ச்சியாக்கிவிட்டது!

1922-ல் ஜெர்மனியில் முர்னோ எடுத்த 'நோஸ்ஃபெராட்டு' இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அதில் வரும் பிரபு எலிகளோடும் பிளேக் நோயோடும் ஊருக்குள் நுழைகிறான். 1931-ல் வந்த அமெரிக்க 'டிராகுலா'வில் நடித்த பேலா லுகோசி, தாமே ஹங்கேரியிலிருந்து வந்து குடியேறியவர். அவருடைய அயல்நாட்டு உச்சரிப்பே பயங்கரத்தின் அடையாளமாயிற்று. பின்னர் பெரும்பாலும் பேய்ப்பட வேஷங்களே அவருக்குக் கிடைத்தன. 1956-ல் இறந்தபோது டிராகுலா அங்கியோடுதான் அடக்கம் செய்யப்பட்டார்.

கதையைச் சற்று ஊன்றிப் பாருங்கள். டிராகுலா கூலி வேலைக்கு வந்தவனல்ல, கோட்டைக்குச் சொந்தக்காரன். அவனைக் கண்டு முதலில் நடுங்கியவர்கள் அவன் ஊர்க் குடியானவர்கள். அடுத்து மாண்டவர்கள் கப்பலில் வேலை பார்த்த மாலுமிகள். வசதியான வீட்டுப் பெண்ணின் கழுத்தில் பல் பதிந்த பிறகே கனவான்கள் கச்சை கட்டுகிறார்கள்!

1958-ல் பிரிட்டனின் ஹாமர் நிறுவனம் வண்ணத்தில் எடுத்த படத்தில் அந்தக் கப்பல் பயணமே இல்லை. கிறிஸ்டோபர் லீ நடித்த டிராகுலா, தன் வட்டாரத்திலேயே வேட்டையாடும் பிரபு. இதுவே உண்மைக்கு நெருக்கமானது என்பது நம் கருத்து.

பேய்ப் படம் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. தாராளமாகப் பாருங்கள். ஆனால், வந்தேறி என்றால் ஆபத்து என்ற எண்ணத்தைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். 'ரத்தத்தை உறிஞ்சுகிறான்' என்று நம் ஜனங்கள் யாரைச் சொல்கிறார்கள்? கந்துவட்டிக்காரனை, உழைப்புக்கேற்ற கூலி தராத முதலாளியை. தகரப் பெட்டியோடு ரயிலிலிருந்து இறங்குகிறவனை அல்ல.