தன்னம்பிக்கை வியாபாரிகளும் 17,500 ரூபாயும்

கல்லூரி விழா என்றாலே இப்போது ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளரை அழைத்து வந்துவிடுகிறார்கள். கோட்டு போட்ட அந்த மனிதர் மேடையில் அங்கும் இங்கும் நடந்தபடி கேட்பார்: "உங்களால் முடியுமா?" அரங்கம் "முடியும்" என்று கத்தும். "சத்தம் பத்தலையே!" என்பார். இன்னும் உரக்கக் கத்துவார்கள். நாமும் அப்படிக் கத்தியவர்கள்தான். கத்தி முடித்து விடுதிக்குத் திரும்பினால், மெஸ் பாக்கி வைத்திருப்போர் பட்டியலில் நம் பெயர் ஒட்டப்பட்டிருக்கும். உதவித்தொகை எப்போது வரும் என்று அலுவலகத்தில் கேட்டால், "வந்தா சொல்றோம், போப்பா" என்பார்கள்.

அந்தப் பேச்சாளரின் தத்துவம் மிக எளிமையானது. ஜெயித்தவன் தன்னை நம்பினான், தோற்றவன் நம்பவில்லை. இதில் கட்டணம் கிடையாது, சாதி கிடையாது, அகமதிப்பெண்ணில் கை வைக்கும் பேராசிரியர் கிடையாது. எல்லாப் பழியும் தோற்றவன் தலையில். 'மெரிட்' என்று நம்மிடம் வாய் கிழியப் பேசுகிறவர்களின் வாதமும் இதுவேதான். ஒன்று அதட்டிச் சொல்கிறது, மற்றது கைதட்டச் சொல்லிச் சொல்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

2017-இல் அரியலூர் மாணவி அனிதா பன்னிரண்டாம் வகுப்பில் 1200-க்கு 1176 மதிப்பெண் வாங்கியிருந்தார். அவர் ஓடி முடித்த பந்தயத்தின் விதியை மாற்றியது யார்? அந்தப் பெண்ணுக்குத் தன்னம்பிக்கை போதவில்லை என்று சொல்லும் தைரியம் எந்தப் பேச்சாளருக்காவது உண்டா?

இன்னொரு கதை. 2024 ஜூன். உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்தில் ஒரு தினக்கூலித் தொழிலாளியின் மகன், தலித் மாணவன், ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வில் வென்றான். அது அவனுக்கு இரண்டாவது முயற்சி. மூன்றாவதுக்கு விதியில் இடமில்லை. தன்பாத் ஐஐடியில் மின்பொறியியல் கிடைத்தது. இடத்தை உறுதி செய்ய ஜூன் 24 மாலை 5 மணிக்குள் 17,500 ரூபாய் கட்ட வேண்டும். கடன் வாங்கி, அக்கம்பக்கத்தில் கேட்டு, பணம் திரண்டபோது கடைசி நிமிடங்கள். இணையதளம் மூடிக்கொண்டது. இடம் போயிற்று.

அவனிடம் இல்லாமல் போனது எது? அறிவா, உழைப்பா, நம்பிக்கையா? 17,500 ரூபாய். ஒரு நடுத்தரக் குடும்பத்துக் கைப்பேசியின் விலை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அந்தக் குடும்பம் அழுதுவிட்டு அடங்கிப் போகவில்லை. ஜார்க்கண்டின் சட்டப்பணிகள் ஆணையத்தைத் தட்டினார்கள். அந்த ஆண்டு தேர்வை நடத்தியது சென்னை ஐஐடி என்பதால் சென்னை உயர் நீதிமன்றம் வந்தார்கள். கடைசியில் உச்ச நீதிமன்றம். 2024 செப்டம்பர் 30 அன்று நீதிமன்றம் அரசியல் சட்டத்தின் 142-ஆம் பிரிவைப் பயன்படுத்தி, அவனை அதே ஆண்டிலேயே சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டது. ஒரு கதவு மூடினால் அடுத்த கதவு எது, அங்கே யாரைக் கேட்க வேண்டும் என்று தேடிப்போவது இருக்கிறதே, அதைத்தான் நாம் தன்னம்பிக்கை என்கிறோம். கண்ணாடி முன் நின்று "நான் சிங்கம்" என்று சொல்லிக்கொள்வதை அல்ல.

இப்போது நமக்கு இன்னொரு எதிரியைப் பற்றிப் பேச வேண்டும். இவர் கோட்டு போடமாட்டார், நம் வகுப்பறையிலேயே இருப்பார். "விரலுக்கேத்த வீக்கம் வேணும்பா. உனக்கு எதுக்கு ஆராய்ச்சிப் படிப்பு? ஒரு ஐடிஐ முடிச்சுட்டு வேலைக்குப் போற வழியைப் பாரு." அக்கறையோடு சொல்வதுபோல்தான் இருக்கும். ஐடிஐ கேவலமும் இல்லை. ஆனால் பக்கத்து பெஞ்சில் நம்மைவிடக் குறைவாக மதிப்பெண் வாங்கும் பையனுக்கு அவர் அதைச் சொல்வதில்லை. 'யதார்த்தமான இலக்கு' என்ற பெயரில் சாதி நமக்கு எல்லை போடுகிற இடம் இது. அப்பன் செய்த வேலையிலிருந்து ஒரு படி மட்டும் ஏறு, இரண்டு படி ஏறாதே என்கிற யதார்த்தம்.

யதார்த்தம் என்றால் என்ன என்று அம்பேத்கரின் வாழ்க்கையைப் பார்த்துக் கற்றுக்கொள்வோம். பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913-இல் கொலம்பியா போனவர், பிறகு லண்டனில் படித்துக்கொண்டிருந்தபோது உதவித்தொகைக் காலம் முடிந்தது. 1917-இல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. பரோடாவில் வேலை இருந்தது, தங்க இடம் இல்லை. பார்சி விடுதியில் அடையாளத்தை மறைத்துத் தங்கியவரைத் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். அந்த நிலையில் நம் பேச்சாளர் இருந்திருந்தால் "இன்னும் ஆழமாக நம்புங்கள்" என்றிருப்பார். நம் வாத்தியார் "கிடைத்த பட்டம் போதும்" என்றிருப்பார்.

அவர் இரண்டையும் கேட்கவில்லை. லண்டனிலிருந்து கிளம்பும்போதே, நான்காண்டுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடர அனுமதி வாங்கி வைத்திருந்தார். 1918-இல் பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியைப் பெற்றார். நண்பர் நவல் பத்தேனாவிடம் கடன் வாங்கினார். 1920-இல் மீண்டும் லண்டன். 1923-இல் டி.எஸ்சி. பட்டம். இலக்கை ஓர் அங்குலம்கூட வெட்டவில்லை. கால அளவையும் வழியையும் மாற்றினார். பணக் கணக்குப் போட்டார். உதவி கேட்கக் கூச்சப்படவில்லை. யதார்த்தம் என்றால் இதுதான்.

ஆகவே தம்பி, தங்கைகளே, 'நான் கலெக்டர் ஆவேன்' என்று சுவரில் எழுதி ஒட்டினால் மட்டும் போதாது. அதன் கீழே நான்கு வரி சேர்த்து எழுதுங்கள். கடைசித் தேதி எது? எவ்வளவு பணம், யாரிடமிருந்து? என்னென்ன சான்றிதழ்? இது கிடைக்காவிட்டால் அடுத்தது எது? சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாவற்றையும் தேர்வு முடிவு வரும் முன்பே வாங்கி வையுங்கள். மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப வருமான வரம்பு இரண்டரை லட்சம் ரூபாய் என்பதும், சுயநிதிக் கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளின் கட்டணத்தை அரசு ஏற்பதற்காகத் தமிழ்நாட்டில் 2012-இல் அரசாணை 92 வந்தது என்பதும் தெரியாமல் எத்தனை அம்மாக்கள் தாலியை அடகு வைத்திருக்கிறார்கள்!

ஐஏஎஸ் கனவு பற்றியும் ஒளிவுமறைவில்லாமல் பேசுவோம். ஆண்டுதோறும் விண்ணப்பங்கள் பத்து லட்சத்தை ஒட்டி. இடங்கள் ஆயிரத்தை ஒட்டி. நமக்கு 37 வயது வரை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம் என்ற தளர்வு இருக்கிறது. அது போராடிப் பெற்ற உரிமை, வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதைக் காட்டியே நம் பிள்ளைகளைப் பத்தாண்டு வாடகை அறையில் உட்கார வைத்துக் கட்டணம் கறக்கும் பயிற்சி மையங்களும் இருக்கின்றன. அரசு அனுமதித்த எல்லை 37. உங்கள் வீட்டு நிலைமை அனுமதிக்கும் எல்லையை நீங்கள்தான் குறிக்க வேண்டும். குரூப் 4 எழுதி வேலைக்குப் போய், சம்பளத்தோடு குரூப் 1-க்குப் படிப்பது தோல்வி ஆகாது. சைடன்ஹாமில் அவர் செய்ததும் அதைத்தான்.

நம் தரப்புக்கும் ஒரு சொல். "தனிமனித வெற்றியெல்லாம் மாயை, களத்துக்கு வா" என்று இரண்டாம் ஆண்டு மாணவனைத் தேர்வு நாளில் சுவரொட்டி ஒட்ட அனுப்பும் தோழர்கள் நம்மிடையே உண்டு. அரியர் வைத்து அவன் ஊர் திரும்பும்போது அவர்கள் யாரும் உடன் போவதில்லை. அதேபோல, நம் பிள்ளைகள் வேலை வாங்கியதும் ஊர்ப் பெயரை மாற்றிச் சொல்லி ஒதுங்கிவிடுவதும் உண்டு. முதல் தவறு இரண்டாம் தவறுக்கு விதை. படிக்கும்போது கைவிட்ட இயக்கத்தை, படித்து முடித்தவன் ஏன் தேடி வருவான்?

ஒவ்வொரு சேரியிலும் அம்பேத்கர் பெயரில் ஒரு மன்றம் இருக்கிறது. ஏப்ரல் 14-க்கு பேனருக்கும் ஒலிபெருக்கிக்கும் பணம் திரட்டுகிறோம். இந்த ஆண்டு அதிலிருந்து 17,500 ரூபாயை எடுத்துத் தனியே வைப்போம். சேர்க்கைக் காலத்தில், மாலை 5 மணிக்கு முன்னால், நம் தெருப் பிள்ளை ஒருத்திக்கு அது தேவைப்படும். அந்தப் பணம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தால் போதும், "உன்னால் முடியும்" என்று எந்தக் கோட்டுக்காரரும் வந்து சொல்ல வேண்டியதில்லை.

ஜெய்பீம்.