கொதிக்கும் உலைக்குக் கொழுந்துவிடும் தீ ஏன்?

உலை கொதிக்கத் தொடங்கியதும் அடுப்பில் மேலும் இரண்டு விறகைத் திணிப்போர் பலர். நீர் தளதளவென்று கொதித்தால் அரிசி விரைவில் வெந்துவிடும் என்பது அவர்தம் எண்ணம். அவ்வெண்ணம் தவறானது, அதனை நாம் கைவிடுதல் வேண்டும் என்பதே என் கருத்து.

நீரின் மூலக்கூறுகள் ஓயாது இயங்கிக்கொண்டே இருப்பவை. நீரைச் சூடேற்றினால் அவற்றின் வேகம் மிகும். அதனையே வெப்பநிலை உயர்வு என்கிறோம். ஆனால், திறந்த பாத்திரத்திலுள்ள நீர் ஏறத்தாழ 100 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கத் தொடங்கியபின், அதன் வெப்பநிலை மேலும் உயர்வதில்லை. அதன்பின் ஊட்டும் வெப்பம் மூலக்கூறுகளைப் பிரித்து நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. இதனை உள்ளுறை வெப்பம் என்பர். ஜோசப் பிளாக் என்னும் அறிஞர் 1762ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரில் இக்கருத்தை விளக்கினார். ஒரு கிராம் நீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு உயர்த்த 100 கலோரி போதும். அதனை ஆவியாக்கவோ ஏறத்தாழ 540 கலோரி வேண்டும்!

அரிசியை வேகவைப்பது நீரின் சூடேயன்றி அதன் ஆரவாரம் அன்று. குக்கரில் உணவு விரைந்து வேகக் காரணமும் இதுவே. அழுத்தம் மிகுவதால் அதனுள் நீர் ஏறத்தாழ 120 டிகிரி வரை சூடேறுகிறது.

தீயைத் தணித்தால் கொதி அடங்கிவிடாதா எனச் சிலர் வினவலாம். கொதி அடங்காத அளவிற்குத் தீ இருந்தால் போதும். மூடியிட்டு வைத்தால் அதனினும் குறைந்த தீயே போதும். வீணே எரியும் விறகு மரவளத்தைக் குறைக்கும். எரிவாயு கைப்பொருளைக் கரைக்கும். புகையோ அடுப்படியில் நிற்கும் தாயின் நெஞ்சை வருத்தும். ஆதலின், கொதி கண்டதும் தீயைத் தணிப்போமாக. அறிவியலைக் கற்பது அடுப்படியிலும் பயன்படுதற்கன்றோ?