குந்தவையும் நந்தினியும்

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்தது. அதில் குந்தவை நல்லவள், நந்தினி தீயவள் என்று மாணவர்கள் எளிதில் எழுதிவிடுகின்றனர். சாரத்தில் நம் இல்லம் தேடி வரும் மாணவியரும் அவ்வாறே கூறுகின்றனர். நமக்கோ அத்தீர்ப்பில் உடன்பாடில்லை.

இருவருமே அழகும் கூர்மதியும் வாய்ந்தவர்கள். வந்தியத்தேவனை ஓலையுடன் ஈழத்துக்கு அனுப்புகிறாள் குந்தவை. பாண்டிய ஆபத்துதவிகளை இயக்குகிறாள் நந்தினி. முன்னதை மதியூகம் என்கிறோம். பின்னதை வஞ்சகம் என்கிறோம். கொலைச் சூழ்ச்சி கொடிதே, அதில் ஐயமில்லை. ஆயினும் எளிய குடியில் வளர்ந்த நந்தினியை அரண்மனை ஒதுக்கியதையும், வீரபாண்டியனின் உயிருக்காக அவள் மன்றாடியும் ஆதித்த கரிகாலன் இரங்காததையும் கல்கி மறைக்கவில்லை.

கரிகாலனைக் கொன்ற துரோகிகளென உடையார்குடிக் கல்வெட்டு கூறுவது சோமன், இரவிதாசன், பரமேசுவரன் எனும் ஆடவரையே. நந்தினி கற்பனைப் பாத்திரம். எனினும் கதை படித்தோர் நெஞ்சில் பழி தங்கியது அவள் மீதே!

குந்தவைக்கு அரண்மனை துணை நின்றது. நந்தினிக்கு எவர் நின்றார்? ஆதரவற்ற பெண்ணைப் பழிக்குமுன், அவளுக்கு நாம் செய்தது என்ன என்று எண்ணிப் பார்த்தல் கற்றோர் கடன். பெரியோர்க்கும் அதுவே கடன்.