பெட்டிக்குள் பூனை

அணுவினும் நுண்ணிய பொருள்களை ஆராயும் குவாண்டம் இயக்கவியலை எளிதாக்கிக் கூறப் புகுவோர் பலர், முதலில் ஒரு பூனையைத் தேடுகின்றனர். மூடிய பெட்டிக்குள் உள்ள அப்பூனை, நாம் திறந்து பார்க்கும்வரை உயிரோடும் இருக்கும், இறந்தும் கிடக்கும் என்பர். கேட்போர் வியப்பர், பூனை நெஞ்சில் நிற்கும், பொருள் நில்லாது.

அப்பூனையை 1935-ஆம் ஆண்டில் கற்பனையாகப் படைத்தவர் சுரோடிங்கர் என்னும் ஆஸ்திரிய அறிஞர். பெட்டியிற் சிறிதளவு கதிரியக்கப் பொருள் உண்டு. அதன் அணுவொன்று சிதையின் கருவி உணரும், சுத்தியல் விழும், நச்சுக்குப்பி உடையும். அணுவானது சிதைந்த நிலையும் சிதையா நிலையும் கலந்து நிற்குமெனின், பூனையும் அவ்வாறே நிற்க வேண்டுமே, இது நகைப்பிற்கு இடமன்றோ என்பதே அவர் கருத்து. அவர் தடையாக எழுப்பியதை முடிந்த முடிபாக ஓதுவது, உரையாசிரியர் மறுத்தற்கு எடுத்துக்கூறிய பிறர்மதத்தை அவர்தம் கொள்கையே என்று சாதிப்பது போலாம்.

தமிழ் கற்பித்த எனக்கு இதில் என்ன வேலை என்று நீவிர் வினவலாம். ‘பார்த்தல்’ என்னும் சொல்லே பெரும்பிழைக்கு வித்தாயிற்று; ஆதலின் வந்தேன். அத்துறையில் அச்சொல் கண்ணாற் காண்டலைக் குறிப்பதன்று, அளவிடுதலைக் குறிப்பது. மனிதர் எவரும் அருகில் இல்லாதபோதும் கருவி அளந்து பதியும். இதனை விளக்காது விட்டமையாலன்றோ, மனம் நினைத்தவாறே உலகம் அமையுமென அறிவியல் மெய்ப்பித்துவிட்டதாகச் சிலர் நூலெழுதி விற்கின்றனர்! பூனையைச் சூழ்ந்த காற்றும் வெப்பமுமே அக்கலப்பு நிலையை இமைப்பொழுதிற்குள் புலப்படாதவாறு குலைத்துவிடும். அதற்காகப் பெட்டியைத் திறக்க எவரும் வரவேண்டுவதில்லை.