வந்தாறுமூலைக்கு ஓர் ஒளியியல் ஆய்வுக்குழு வேண்டும்

கிழக்குப் பல்கலைக்கழகம் விஞ்ஞானத்தோடு பிறந்த நிறுவனம். 1981 ஓகஸ்ட் முதலாம் திகதி வந்தாறுமூலையில் அது பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியபோது விஞ்ஞானம், விவசாயம் என இரண்டு பீடங்களே இருந்தன. 1986 ஒக்டோபரில் பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்தது. மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் வந்த பிள்ளைகள் அங்கே பௌதிகவியல் படித்துப் பட்டம் பெறுகிறார்கள். ஆராய்ச்சியில் நாட்டமுள்ளவர்கள் கலாநிதிப் பட்டத்துக்காகக் கடல் கடக்கிறார்கள். பலர் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. திரும்பி வந்தால் சேர்ந்து உழைப்பதற்கு ஊரில் ஓர் ஆய்வுக்குழு இருக்க வேண்டும். அதற்கு மிகப் பொருத்தமான துறை குவாண்டம் ஒளியியல்.

ஒளியைப் போட்டோன் என்னும் தனித்தனித் துகள்களாக எண்ணி ஆராயும் துறை இது. பிணைந்த இரண்டு போட்டோன்களை எவ்வளவு தூரம் பிரித்துவைத்து அளந்தாலும், பழைய பௌதிகவியலால் விளக்க முடியாத அளவுக்கு விடைகள் ஒத்துப்போகின்றன. இதைப் பரிசோதனையில் காட்டிய அலன் அஸ்பே, ஜோன் கிளவுசர், அன்ரன் ஸைலிங்கர் மூவரும் 2022இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஒட்டுக்கேட்பவரைக் காட்டிக்கொடுக்கும் இரகசியத் தொடர்பாடலும், ஈர்ப்பலைகளை அளக்கும் கருவிகளின் நுட்பமும் இத்துறையின் விளைச்சல்கள். இந்தியா 2023 ஏப்ரலில் 6,000 கோடி ரூபாவுக்கு மேல் ஒதுக்கித் தேசியக் குவாண்டம் திட்டத்தை அங்கீகரித்தது. அதன் தொடர்பாடல் மையம் சென்னை ஐ.ஐ.டி.யில் இருக்கிறது. வாவிக் கரைக்கு அது அதிக தூரமில்லை.

விரிவுரையாளர் பற்றாக்குறையே தீராத இடத்தில் இது ஆடம்பரம் அல்லவா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வரலாற்றில் இதற்கு விடை இருக்கிறது.

1924இல் சத்தியேந்திரநாத் போஸ், தொடங்கி மூன்றே ஆண்டுகளான டாக்கா பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டிருந்தார். கலாநிதிப் பட்டம் பெறாதவர். பிளாங்கின் விதியை மாணவர்களுக்கு விளக்கும் முயற்சியில், ஒளித்துகள்களை எண்ணும் புதிய முறை அவருக்குப் பிடிபட்டது. கட்டுரையை ஐன்ஸ்டீனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டீனே அதை ஜெர்மன் மொழிக்குப் பெயர்த்து வெளியிடச் செய்தார். இன்றைய குவாண்டம் ஒளியியலின் அடிக்கற்களில் ஒன்று அந்த வகுப்பறையில் எழுந்தது.

இன்னும் நமக்கு நெருக்கமான சான்று சென்னையில் இருக்கிறது. அல்லாடி இராமகிருஷ்ணன் மயிலாப்பூரில் தம் வீட்டிலேயே இளைஞர்களைக் கூட்டிக் கோட்பாட்டுப் பௌதிகக் கருத்தரங்கு நடத்தினார். 1960இல் சென்னைக்கு வந்த நீல்ஸ் போர் அந்தச் சிறு குழுவை வியந்து பாராட்டினார். செய்தி நேருவின் காதுக்கு எட்டியது. 1962 ஜனவரி 3ஆம் திகதி கணித அறிவியல் நிறுவனம் உருவாயிற்று. 1980களில் அதற்குத் தலைமை வகித்தவர் ஒளியின் குவாண்டம் விவரிப்புக்கு 1963இலேயே வழி கண்ட ஈ.சி.ஜி. சுதர்சன். இராஜையா சைமன் 2000ஆம் ஆண்டில் அந்நிறுவனத்திலிருந்து வெளியிட்ட அளவுகோல், இரண்டு ஒளிக்கற்றைகள் பிணைந்தவையா என்று தீர்மானிக்க உலகெங்கும் பயன்படுகிறது. அதற்கு வேண்டியிருந்தவை கரும்பலகையும் தாளும், நாள்தோறும் வாதாடச் சக ஆய்வாளர்களும்தான். ஆள்கள் முதலில் கூடினார்கள். கட்டடம் பிறகு வந்தது.

பரிசோதனைப் பக்கமும் எட்டாக்கனி அல்ல. 405 நனோமீற்றர் அலைநீளமுள்ள ஊதா லேசரைப் பேரியம் போரேற்றுப் பளிங்கினூடு செலுத்தினால், மிக அரிதாக ஒரு போட்டோன் 810 நனோமீற்றர் போட்டோன்கள் இரண்டாகப் பிரியும். இருட்டறையில் இரண்டு உணரிகள் சில நனோசெக்கன் இடைவெளிக்குள் ஒன்றாகத் துடிக்கும் தருணங்களை எண்ண வேண்டும். பல நாடுகளில் பட்டப்படிப்பு மாணவர்களே இதைச் செய்கிறார்கள். உணரிகள் விலை கூடியவை. ஆனால் ஒரு தொகுதி வாங்கினால் பல ஆண்டு உழைக்கும்.

கடினம் வேறிடத்தில் இருக்கிறது. ஆடி மயிரிழை விலகினாலும் எண்ணிக்கை விழுந்துவிடும். ஒளிப்பாதையைச் சீராக்கவே வாரங்கள் போகும். பளிங்கு ஈரத்தை உறிஞ்சும். மாரிகாலத்து வாவிக் காற்றில் அதை உலர்பெட்டியில் வைத்துக் காக்காவிட்டால் மேற்பரப்பு மங்கிப்போகும். எந்தத் திருகை எவ்வளவு திருப்புவது என்பதை மூத்த மாணவர் இளையவருக்குப் பக்கத்தில் நின்று காட்டிக்கொடுக்கிறார். இந்தக் கைப்பழக்கம் எந்தப் பாடநூலிலும் இல்லை. ஒரு தலைமுறை விட்டுப்போனால் எல்லாம் மீண்டும் முதலிலிருந்து.

அந்தத் தொடர்ச்சியைத்தான் உள்நாட்டுப் போர் நம்மிடமிருந்து பறித்தது. 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலை வளாகத்தில் தஞ்சமடைந்திருந்த 158 பேரைப் படையினர் கொண்டுபோனார்கள், அவர்கள் திரும்பவில்லை. துணைவேந்தர் சி. இரவீந்திரநாத் 2006 டிசெம்பரில் கொழும்பில் காணாமற்போனார். இத்தனை இழப்புக்கும் இடையில் வகுப்புகளை நடத்திப் பட்டதாரிகளை உருவாக்கியவர்களின் உழைப்பு பெரிது. அந்த உழைப்புக்கு ஆராய்ச்சி என்னும் அடுத்த படி இன்னும் கடன்.

காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1920இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். விஞ்ஞான ஆசிரியராக இருந்தவர். 1947இல் வெளிவந்த அவருடைய யாழ்நூல், நரம்புகளின் ஓசையைக் கணிதத்தால் ஆராய்கிறது. நுண்ணிய அளவீடு இந்த மண்ணுக்கு அந்நியம் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

செய்ய வேண்டியவை தெளிவு. பௌதிகவியல், கணிதத் துறைகள் சேர்ந்து வாரம் ஒரு கருத்தரங்கு தொடங்கட்டும். கியூடிப் (QuTiP) போன்ற குவாண்டம் கணிப்பு மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இரண்டு ஆய்வு மாணவர் இடங்களையாவது தொடர்ந்து தரட்டும். சென்னை நிறுவனங்களோடு இணை மேற்பார்வைக்குப் பல்கலைக்கழகம் ஒப்பந்தம் செய்யட்டும். புலம்பெயர்ந்த நம் விஞ்ஞானிகள் கோயில் திருவிழாவுக்கு ஊருக்கு வரும்போது இரண்டு வாரம் வந்தாறுமூலையில் கற்பிக்கட்டும். பழைய மாணவர் சங்கங்கள் ஒரு பரிசோதனை மேசைக்குப் பணம் சேர்க்கட்டும். கருவி வரும் வரை காத்திருக்க வேண்டாம். முதற் கருத்தரங்கை இந்தக் கல்வியாண்டிலேயே கூட்டுங்கள்.