துபாஷியின் வீடு

ஆர்.கே.பேட்டைத் தெருக்களில் தறிச் சத்தம் காதில் விழாமல் நடப்பது கடினம். அந்தச் சத்தத்திலேயே வளர்ந்த மாணவர் சிலரைச் சென்ற விடுமுறையில் புதுச்சேரிக்கு அழைத்துச் சென்றேன். பழைய பிரெஞ்சு மாளிகை ஒன்றைக் காட்டுவதாக வாக்களித்திருந்தேன். கடற்கரை ஓரத்தில் வெள்ளைக்காரத் துரை எவரோ வாழ்ந்த அரண்மனை என்று பையன்கள் எண்ணிவிட்டார்கள் போலும். நான் அழைத்துப் போனதோ, சந்தை இரைச்சல் நிறைந்த ரங்கப்பிள்ளை வீதிக்கு! அவர்கள் முகத்தைப் பார்க்கவேண்டுமே!

ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை 1738-ஆம் ஆண்டு வாக்கில் எழுந்தது. கீழ்க்கட்டு நம் ஊர்ப் பெரிய வீடுதான்; முற்றமும், மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரமுமாக இருக்கிறது. அண்ணாந்து பார்த்தாலோ பிரெஞ்சு தேசம்! மாடியில் சுண்ணாம்புச் சாந்து பூசிய தூண்கள் வெள்ளை வெளேரென்று நிற்கின்றன. துபாஷி என்றால் இரண்டு பாஷை அறிந்தவர். அவர் வீடும் அப்படியே.

"இவ்வளவு பெரிய வீடு கட்டப் பணம் ஏது, ஸார்?" என்றான் ஒருவன். அவன் நெசவாளர் வீட்டுப் பிள்ளை.

"துணியிலிருந்துதான் அப்பா" என்றேன்.

1709-இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்த பிள்ளை, இளம் வயதிலேயே பறங்கிப்பேட்டையில் பிரெஞ்சுக் கம்பெனியின் துணி விவகாரங்களைக் கவனித்தவர். பின்பு கவர்னர் டூப்ளேயின் காலத்தில் தலைமைத் துபாஷியானார். நம் தறிகளில் நெய்த துணிதான் கட்டுக் கட்டாய்க் கப்பலேறிற்று. பிரெஞ்சு மாளிகை என்று நான் சொன்னது அவ்வளவு சரியல்ல என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

1761 ஜனவரியில் பிள்ளை காலமானார். அதே மாதம் ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று. கோட்டையையும் வெள்ளையர் பகுதியையும் அவர்கள் தரைமட்டமாக்கினார்கள். இந்த வீடு தப்பியது. இதைவிடப் பெரிய அதிசயம், பிள்ளை 1736 முதல் ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகள் தமிழில் எழுதிவந்த தினப்படிச் சேதிக் குறிப்பு தப்பியதுதான். கரையானுக்கும் பழைய காகிதக்காரனுக்கும் இரையாகாமல் வம்சத்தாரிடம் கிடந்த அந்தக் கணக்குப் புத்தகங்களை, 1846-இல் கலுவா மொம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டெடுத்தார். சென்னை அரசாங்கம் 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. தமிழ் மூலம் வரிசையாக அச்சேறத் தொடங்கியதோ 1948-இல்! நம்மவர் எழுதியதை நாம் படிப்பதற்கு முன்னால் ஆங்கிலேயர் படித்து முடித்துவிட்டார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆற்றாமைதான்.

மாலையில் கடற்கரைக்குப் போனோம். அங்கே நகர மண்டபமான மேரி கட்டடம் பளபளவென்று நின்றது. 1870-71-இல் எழுந்த பழைய மண்டபம், பழுது பார்ப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோதே, 2014 நவம்பர் 29 அன்று மழையில் சரிந்து விழுந்தது. அதே வடிவில் மறுபடியும் கட்டி 2021-இல் திறந்தார்கள்.

"அப்படியானால் இது பழசா, புதுசா, ஸார்?"

தமிழாசிரியரைக் கேட்கவேண்டிய கேள்வி என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் நெசவாளர் வீட்டுப் பையன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அந்தக் குறிப்பில் துணி நெய்தவர்கள் பேர் இருக்கிறதா, ஸார்?" என்று கேட்டான். தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். இப்போது இரண்டாம் தொகுதியில் இருக்கிறேன்.