‘குவிக்கி’ என்று சிரித்தவர்களுக்கு

அண்மையில் ஈஸ்ட்ஹாமில் நம் பிள்ளைகள் எடுத்த துப்பறியும் படமொன்றைத் திரையிட்டார்கள். 40 நிமிடம், சொந்தக் காசு, சனி ஞாயிறில் படப்பிடிப்பு. கலந்துரையாடலில் இலக்கிய நண்பர் ஒருவர் எழுந்து, “இது வெறும் கோட்டா குவிக்கி” என்றார். சபை சிரித்தது. நானும் சிரித்தேன். இப்போது அதற்கு வெட்கப்படுகிறேன்.

அந்த வசைச் சொல் இந்த நகரத்தில் பிறந்தது. ஹொலிவூட் படங்களால் மூச்சுத் திணறிய பிரித்தானியா 1927இல் ஒரு சட்டம் போட்டது. விநியோகிக்கும் படங்களில் ஒரு பங்கு பிரித்தானியப் படமாக இருக்கவேண்டும்: தொடக்கத்தில் 7.5 வீதம், பின்னர் 20 வீதம். தரம் பற்றிச் சட்டம் பேசவில்லை. அமெரிக்க நிறுவனங்கள் அடிக்கு ஒரு பவுண் கணக்கில் அவசரப் படங்கள் எடுப்பித்துக் கடனைக் கழித்தன. கொலையும் கொள்ளையும் கொண்ட கதைகளுக்கு ஒரு அறையும் ஒரு இருண்ட தெருவும் போதும் என்பதால் அவை மலிந்தன. காலையில் அரங்கைக் கூட்டும் பெண்கள் மட்டுமே பார்த்த படங்களும் உண்டு என்பார்கள்.

பெரும்பாலானவை மோசமானவை. மறுக்கவில்லை. ஆனால் 1933இல் ட்விக்கன்ஹாம் கலையகத்தில் எடுத்த ‘த கோஸ்ட் கமரா’வைப் பாருங்கள். தன் காரில் கிடந்த கமராவின் சுருளைக் கழுவும் ஒருவர், அதில் ஒரு கொலையைக் காண்கிறார். படத்தொகுப்பு டேவிட் லீன். ‘லோரன்ஸ் ஒஃப் அரேபியா’ எடுக்க அவருக்கு இன்னும் 29 ஆண்டுகள் இருந்தன. நாயகி ஐடா லுபினோ, பின்னாளில் ஹொலிவூட்டில் தானே இயக்குநரானார். ‘த ரெட் ஷூஸ்’ எடுத்த மைக்கேல் பவல் 1931 முதல் 1936 வரை இருபதுக்கும் மேற்பட்ட மலிவுப் படங்களில்தான் கை பழகினார். ஏளனம் செய்தவர்களின் பெயர் யாருக்கு ஞாபகம்?

ஏளனத்துக்கு விலையும் உண்டு. குப்பை என்றதைப் பாதுகாக்க ஆளில்லை. பவலின் முதற் படமான ‘டூ கிரவுடட் அவர்ஸ்’ என்ற குற்றக் கதையின் பிரதி இன்று இல்லை. 2010இல் பிரித்தானியத் திரைப்படக் கழகம் தேடச் சொன்ன 75 படங்களின் பட்டியலில் அதுவும் ஒன்று. அன்று எறிந்ததை இன்று தேடுகிறார்கள்.

நாமும் எறிந்துகொண்டிருக்கிறோம். லண்டனில் நம்மவர் எடுத்த குறும்படங்கள் எத்தனையோ பழைய வீடியோ நாடாக்களிலும் பழுதான வன்தட்டுகளிலும் கிடக்கின்றன. கவிதைத் தொகுப்பென்றால் ஓடி ஓடிச் சேர்க்கிறோம். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்யும் பையனைக் கொலைக் கதைக்குள் வைத்தால் அது இலக்கியமில்லை என்கிறோம். ஆனால் அந்த இரவை எந்த நாவலில் இவ்வளவு கிட்டத்தில் பார்த்தோம்?

படத்தைத் திட்டுங்கள், தாராளமாக. நடிப்பு செயற்கை என்றால் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். ஆனால் திட்டுவதற்கு முன் ஒரு பிரதி கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். நான் அந்தப் பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறேன்.